பஸ் கேட்டு வேனில் போனோம்

வெளிமாநிலம் போக நான் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. தூங்கினேன், போய்ச் சேர்ந்துவிட்டேன். ஓசூரில் இறங்க வேண்டியவன் கண்விழித்தபோது பிளாட்பாரத்துப் பெயர்ப்பலகையின் முதல் வரி கன்னடத்தில் இருந்தது. "ஓசூர் வந்தால் எழுப்புங்கள்" என்று எதிர் சீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் சேலத்திலேயே இறங்கிவிடுவார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அங்கிருந்து அத்திபெலே வரை ஒரு பஸ் கிடைத்தது. எல்லையோடு நின்றுவிடும் ரகம். அதற்கப்புறம் ஜூஜுவாடிப் பக்கம் நடந்து போய் நம் ஊர் டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நடுவில் இருப்பது சாலை என்று சொல்ல முடியாது. லாரிகள் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம். ஒரு வண்டியும் எஞ்சினை அணைக்கவில்லை. எங்கள் தூத்துக்குடியில் காற்றில் உப்பு இருக்கும், நாக்கில் தெரியும். இங்கே காற்றில் டீசல், நெஞ்சில் தெரிகிறது. லாரிக்காரர்களை நிறுத்திப் பர்மிட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகையை மட்டும் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. அது இரு மாநிலங்களுக்கும் சகஜமாகப் போய்வந்தது.

எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், கழுத்தில் கம்பெனி அட்டையோடு, கன்னடத்தில் பேசிக்கொண்டு நடந்தார்கள். என் கன்னடம் அரைகுறை. ஆனாலும் புரிந்தது.

"அந்தப் பக்கமும் நமக்கு பஸ் ஃப்ரீ, இந்தப் பக்கமும் ஃப்ரீ."

"நடுவுல நடக்கறோமே, அது ரெண்டு கவர்மெண்டும் சேர்ந்து குடுத்த ஃப்ரீ."

நான் ஓசூர் வந்த காரியமும் பஸ்தான்.

என் தங்கை மகள் ஸ்டெல்லாவைத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஊர்க் கவுன்சிலர் இதையும் தன் சாதனையில் சேர்த்துக்கொள்வார். ஸ்டெல்லா ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. முதல் ஷிஃப்ட். விடியும் முன் ஊருக்குள் வரும் டவுன் பஸ்தான் அவளையும் இன்னும் பல பெண்களையும் வேலைக்குக் கொண்டுபோகிறது. அந்த பஸ்ஸை எடுக்கப் போகிறார்கள் என்று போனில் சொன்னாள்.

"பழைய வண்டியாம் மாமா, புகை தள்ளுதாம், சுற்றுச்சூழலுக்குக் கெடுதியாம். டவுனுக்குள்ள கரெண்டு பஸ் விடப் போறாங்களாம். அதோட எங்க பஸ்ல ஆளே ஏறுறதில்லையாம்."

"நீங்கல்லாம் ஏறுறீங்களே?"

"நாங்க பொம்பளைங்கதான ஏறுறோம்."

பஸ் போனால் அவளுக்கு இருக்கும் வழி ஒன்றுதான்: ஓசூரில் பெண்கள் விடுதியில் தங்குவது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வாரம் ஒருமுறை வந்து பார்ப்பது. வேலையை நிரந்தரமாக்கும் பேச்சு நடக்கிறது. தாமதமாக வருகிறவர்களை அந்தப் பேச்சில் சேர்க்கமாட்டார்கள். "நீங்க வந்து ஒரு மனு எழுதிக் குடுங்க மாமா. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் நான் ரயில் ஏறினேன். வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். எந்த மனு யாருக்குப் போக வேண்டும், நகல் யாருக்கு, எந்த மேசையில் அது தூங்கும், எதைச் சொன்னால் எழும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பென்ஷன் வாங்குகிறவனிடம் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை விடியலில் அந்த பஸ்ஸில் நானும் ஏறினேன். கண்ணால் பார்க்காமல் மனு எழுதுவது என் காலத்தில் வழக்கம்தான். ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் ஒழுக்கம் வந்திருக்கிறது.

பனி கண்ணை மறைத்தது. முகத்தில் ரோஸ் வண்ணம் பூசிய பஸ் இருமிக்கொண்டே வந்து நின்றது. புகையைப் பற்றி பஸ் பணிமனைக்காரர்கள் சொன்னதில் பொய்யில்லை. கறுப்பாக, தாராளமாக வந்தது. உள்ளே பெண்கள் ஏறி, அவரவர் இடத்தில் உட்கார்ந்து, அடுத்த நிமிஷம் தூங்கிப்போனார்கள். இடம் யாரும் ஒதுக்கியதல்ல, ஆனால் மாறுவதில்லை. தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்த என்னை மாதம்மா என்கிற மூதாட்டி எழுப்பினார். ஓசூரில் ஓர் ஆலையின் கேண்டீனில் காய் நறுக்குகிறவர்.

"அது என் ஜன்னல். நீ தலை சாய்ச்சா கண்ணாடி எண்ணெயாகும்" என்றார், கன்னடத்தில். என் தலையில் எண்ணெய் தேய்க்க இருப்பது சொற்பம் என்பதையும் கூடவே சொன்னார்.

ஆண்கள் என்று பார்த்தால் நான், டிரைவர், கண்டக்டர். ஊர் ஆண்கள் எல்லாரும் பைக்கில் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். முந்தும்போது ஹாரன் வேறு. ஸ்டெல்லாவின் கணவர் சேவியரும் போனார். அதே சாலையில், அதே ஓசூருக்கு. அவர் லேத் ஓட்டுகிற பட்டறை ஸ்டெல்லாவின் ஆலைக்கு முந்தைய நிறுத்தத்தில் இருக்கிறது.

"அவர் ஏன் இதில் வருவதில்லை?"

"இது பொம்பளைங்க பஸ்ஸாம் மாமா" என்றாள் ஸ்டெல்லா, கண்ணைத் திறக்காமலே.

காட்டோரம் வளைவு ஒன்றில் பஸ் நின்றது. முந்திப் போன பைக்குகள் அத்தனையும் திரும்பி வந்து எங்கள் பின்னால் ஒதுங்கின. ராகிக் கொல்லையில் இரவு முழுக்கச் சாப்பிட்டுவிட்டு யானைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. அவசரமே இல்லை அவற்றுக்கு. டிரைவர் விளக்கை மட்டுப்படுத்திவிட்டுக் காத்திருந்தார். பெண்களில் பாதிப்பேர் எழுந்திருக்கவேயில்லை. பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன்: ஹெல்மெட் போட்ட ஆண்கள், பஸ்ஸின் முதுகை ஒட்டிக்கொண்டு, புகையை விழுங்கியபடி. கடைசி யானை மரங்களுக்குள் போனதும் ஹாரன் அடித்து முந்திப் போனார்கள்.

பிரதான சாலைக்கு வந்ததும் கம்பெனி பஸ்கள் தென்பட்டன. ஒன்றன்பின் ஒன்றாக, பளபளவென்று, உள்ளே விளக்கெரிய, பாதிக்கு மேல் காலி இருக்கைகளோடு. நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும். ஸ்டெல்லா அதில் ஏறுவதற்கு முதலில் நிரந்தரமாக வேண்டும். நிரந்தரமாவதற்கு நேரத்தில் போக வேண்டும். நேரத்தில் போவதற்கு இந்த பஸ் வேண்டும். முப்பத்தைந்து வருஷம் கோப்புகளைப் படித்தவன், இவ்வளவு சுத்தமான முடிச்சை நான் பார்த்ததில்லை. ஆலை வாசலில் இன்னொன்றும் பார்த்தேன். உலகத்துக்குப் புகையில்லா ஸ்கூட்டர் அனுப்புகிற இடத்தில், வேலியோரம் நெடுக நின்றவை பெட்ரோல் வண்டிகள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மனு எழுதினேன். ஸ்டெல்லாவின் மாமியார் பிலோமினாம்மா களி கிண்டி, பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்திருந்தார். அவரைப் பருப்பை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கி எடுத்த குழம்பு. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று பேத்தி எனக்குக் கற்றுக்கொடுத்தாள். நான் மென்றேன். அவள் பாட்டியிடம் புகார் செய்தாள்.

மனு நன்றாக வந்தது. நானே சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு பஸ் போனால் அத்தனை பெண்களும் ஸ்கூட்டி வாங்குவார்கள் அல்லது வேலையை விடுவார்கள். ஒரு வண்டியின் புகையை நிறுத்திவிட்டுப் பல வண்டிகளின் புகையைக் கிளப்புவது சுற்றுச்சூழல் கொள்கை ஆகாது என்று எழுதியிருந்தேன். பருவநிலை மாற்றம் என்ற சொல்லை மூன்று இடங்களில் வைத்தேன். இப்போதெல்லாம் அது இல்லாத மனு உப்பில்லாத களி.

மாலையில் கவுன்சிலர் நாகராஜப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார். வாசலில் காரை நிறுத்தினார், எஞ்சினை நிறுத்தவில்லை.

"சார், மனுவ நீங்க ஒருத்தர் கொண்டும்போயி குடுத்தா எவன் பாப்பான்? சனம் வேணும். நாலு வேன் அனுப்பறேன், அல்லாரையும் ஏத்திக்கினு கிருஷ்ணகிரி போலாம். டீசல் நம்முது."

எனக்கும் அது சரியென்றே பட்டது. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள். கூட்டமாகப் போனால் அதிகாரி தலை நிமிர்வார். நானே எத்தனையோ கூட்டங்களைப் பார்த்துத் தலை நிமிர்ந்திருக்கிறேன். "விடியக்காலையே கிளம்பினால்தான் முன்வரிசை கிடைக்கும்" என்று நேரத்தைக் குறித்துக் கொடுத்ததும் நான்தான். பெண்கள் லீவு சொன்னார்கள். லீவு அவர்களுக்குச் சும்மா கிடைப்பதல்ல. "மாமா சொன்னா சரியா இருக்கும்" என்று ஸ்டெல்லா ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

திங்கள் விடியலில் நான்கு வேன்களும் புறப்பட்டன. ஒன்றின் புகை மற்றதன் முகத்தில் அடிக்க, பருவநிலையைக் காப்பாற்றப் போனோம். ஊர் எல்லையில் எதிரே எங்கள் பஸ் வந்தது. எல்லாரும் ஜன்னலில் கை நீட்டி அசைத்தோம். கண்டக்டர் சிரித்துக்கொண்டே அசைத்தார். அவர் பக்கத்தில் தோளில் பையோடு நின்றிருந்த ஒருவர் மட்டும் அசைக்கவில்லை. யாரோ வெளியூர்க்காரர் என்று நினைத்தேன். மாதம்மா அவருக்கும் சேர்த்து இன்னொரு முறை அசைத்தார்.

கிருஷ்ணகிரியில் எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். பென்ஷன்காரன் அலுவலகங்களின் பெயரைச் சொல்லாமல் இருப்பது உடம்புக்கு நல்லது. வெளியே மைதானத்தில் ஏதோ ஓர் அமைப்பின் சைக்கிள் பேரணி. பூமியைக் காப்போம் என்று பனியன். சைக்கிள்களை லாரியில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வேன் டிரைவர் அந்த லாரி டிரைவரிடம் "எவ்ளோ தூரம் ஓட்டுவாங்கோ?" என்று கேட்டார். "அந்த வளைவு வரைக்கும். அங்க போட்டோ. அப்பால திரும்ப ஏத்தணும்" என்றார் லாரிக்காரர், கொட்டாவியோடு.

உள்ளே எங்கள் முறை வந்தது. அதிகாரி இளையவர். மனுவை முழுவதும் படித்தார். அதற்கே நான் மயங்கிவிட்டேன். "நல்லா எழுதியிருக்கீங்க ஐயா" என்றார். பிறகு பணிமனைக்கு அங்கேயே போன் போட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினார். நேர்மையான ஆள். அதுதான் வினை.

"அந்த டிரிப்பை ஏன் எடுக்கறீங்க? இங்க ஊரே வந்திருக்கு" என்று கேட்டார்.

போனில் வந்த குரல் பணிவாக இருந்தது. "சார், இன்னிக்குக் காலையிலதான் நம்ம செக்கிங் இன்ஸ்பெக்டர் அந்த வண்டியில போயிட்டு வந்தார் சார். அந்த ஊர்ல ஒரே ஒரு பெரியவர் ஏறியிருக்கார். கையில ஒரு கோழி. கோழிக்கு லக்கேஜ் போட்டிருக்கு சார்."

பையோடு நின்ற அந்த மனிதரின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. மாதம்மாவுக்குத் தமிழ் போதுமான அளவு தெரியும். "அய்யோ, அவனுக்கா கை ஆட்டுனேன்?" என்றார்.

"நாங்கல்லாம் இங்க இருக்கோமே சார், அங்க எப்படி ஏறுவோம்?" என்றாள் ஸ்டெல்லா.

"எதுல வந்தீங்கம்மா?"

"வேன்ல."

"வேன் இருக்கே. அப்புறம் பஸ் எதுக்கு?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நாகராஜப்பா தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு "வேன் நம்முது சார்" என்று பெருமையாகச் சொன்னார். அதைவிட மோசமான பதில் ஒன்று இருந்திருக்க முடியாது.

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஏதோ அடுத்த விதியைச் சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்த்துப் பார்த்தாள். என்னிடம் இல்லை. மனு கொடுக்கும் முறைகளெல்லாம் தெரியும். மனு கொடுக்க ஊரே கிளம்பிப் போன நேரத்தில் பஸ்ஸில் யாராவது ஆள் எண்ணிப் பார்ப்பார்கள் என்பது எந்தக் கையேட்டிலும் கிடையாது.

அதிகாரி மனமிரங்கினார். இந்த வாரத்துக்குள் இன்னொரு முறை ஆய்வு செய்யச் சொன்னார். எந்த நாள் என்று கேட்டோம். "சொல்லிட்டு வந்தா அது ஆய்வு இல்லம்மா, விருந்து" என்றார்.

திரும்பும் வழியில் வேன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சாலையோரம் மாங்கூழ் ஆலைகள் சீசன் இல்லாமல் பூட்டிக் கிடந்தன. எனக்கு அடுத்த ரயிலைப் பிடித்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஊர் வந்ததும் மேல்முறையீடு பற்றி ஆரம்பித்தேன். ஸ்டெல்லா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மனு போதும் மாமா."

சாயங்காலம் பால் சொசைட்டி முன்னால் ஆண்கள் கூடுகிற நேரம். ஸ்டெல்லா அங்கே போனாள். நான் பின்னால் போனேன். இந்த முறை பேசுவதற்கில்லை.

"அந்த இன்ஸ்பெக்டர் எப்ப வருவாருன்னு தெரியாது. பஸ் ரொம்பி வழியணும். நீங்கல்லாம் இந்த வாரம் பஸ்ல வாங்க" என்றாள்.

ஒருவர் கேனைக் கீழே வைத்தார். "ஏம்மா, அது பொம்பளைங்க பஸ்ஸு. நாங்க ஏறுனா சிரிக்க மாட்டாங்களா?"

"யாரு சிரிப்பா?"

"நாங்களேதான்" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

நாகராஜப்பா மட்டும் உற்சாகமாக இருந்தார். "ஆளுதான வேணும்? பக்கத்து ஊர்ல இருந்து தெனம் ரெண்டு வேன் நெறைய ஆள் கொண்டாந்து எறக்கறேன். பஸ்ஸுல ஏத்தி வுடு."

பஸ்ஸை நிரப்ப வேனில் ஆள். நான் அரசியலை அதிகம் பார்த்தவன், ஆனாலும் இந்த யோசனையின் அழகில் ஒரு கணம் நின்றுபோனேன். மாதம்மாதான் பதில் சொன்னார்: "வேண்டாம் அப்பா. உன் வேனால ஒருநாள் பட்டது போதும்." பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினார். "யானை வந்தா மட்டும் எங்க பஸ்ஸு பின்னாடி ஒளியறீங்களே, அப்ப அது எந்த பஸ்ஸு? ஆம்பளைங்க பஸ்ஸா?"

கேனைக் கீழே வைத்தவர் அதை மறுபடி தூக்கிக்கொண்டார்.

சேவியர் ஓரமாக நின்றிருந்தார். நல்ல மனிதர், பேச்சு குறைவு. "நான்தான் பைக்ல கொண்டாந்து விடறேன்னு சொன்னனே" என்றார், ஸ்டெல்லாவிடம், தரையைப் பார்த்துக்கொண்டு.

"விட்டே. அப்புறம் உன் ஷிஃப்ட் மாறுச்சு. கூட்டிக்கினு போவ ஆளில்லாம நான் காட்டு வளைவுல தனியா நின்னேன். மறுபடி அது மாறும். அப்ப நான் விடுதிக்குத்தான் போவணும். பாப்பா தலைமுடிய உங்கம்மா பின்னுவாங்க, நீ பாத்துக்கினு இரு."

அவர் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஆண்கள் சிலர் ஏறினார்கள், திருடர்களைப் போல. கண்டக்டருக்குத் திண்டாட்டம். "இந்த டிரிப்புல காசு வாங்கியே பழக்கமில்லண்ணா. சில்லறைக்கு நான் எங்க போவேன்?" என்று ஒவ்வொருவரிடமும் முறையிட்டார். புதன்கிழமை கூட்டம் அதிகமானது. எந்த இடம் யாருடையது என்று தெரியாமல் உட்கார்ந்த ஆண்களைப் பெண்கள் எழுப்பி எழுப்பி, கடைசியில் எல்லா ஆண்களும் நின்றுகொண்டு வந்தார்கள். ஒருவர் நின்றபடியே தூங்கிப்போய் என் தோளில் சாய்ந்தார். இன்ஸ்பெக்டர் வரவில்லை. சேவியரும் வரவில்லை, பைக்கில் முந்திக்கொண்டு போனார், ஹாரன் மட்டும் அடிக்கவில்லை. ஸ்டெல்லா அதைக் கவனித்தாள்.

அந்த இரண்டு பகல்களும் எனக்குக் கழியவில்லை. ஓசூரில் ஒரு டீக்கடையிலிருந்து இன்னொரு டீக்கடைக்கு நடந்தேன். நான் கெடுத்ததை மற்றவர்கள் நின்றுகொண்டே வந்து சரிசெய்கிறார்கள். எனக்கு அதில் டீ குடிப்பதைத் தவிர வேலையில்லை. கிராமத்துக்குத் திரும்பும் மாலை பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று, எஞ்சினைச் சரிசெய்தால் புகை குறையாதா என்று கேட்டேன். "குறையும் சார். ஸ்பேர் கேட்டிருக்கோம். எடுக்கப் போற வண்டிக்கு எதுக்கு ஸ்பேர்ன்றாங்க" என்றார். அந்தக் கோப்பை நான் பார்க்காமலே படித்துவிட்டேன். புகை விடுவதால் எடுக்கிறார்கள். எடுக்கப் போவதால் புகை விடட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வியாழக்கிழமை சேவியர் ஏறினார். பைக்கை நிறுத்தத்திலேயே பூட்டிவிட்டு, கடைசி ஆளாக, பின்படியில். மனைவியைத் தெரியாதவர் போல முகத்தை வெளியே வைத்துக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் தோள்பையோடு அந்த மனிதர் நின்றிருந்தார். பஸ் நின்றது, அவருக்குக் கால் வைக்க இடமில்லை. சேவியர்தான் கை கொடுத்துப் படியில் இழுத்து நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் எண்ணத் தொடங்கினார். ஒருவர் தலை இன்னொருவர் அக்குளுக்குள் இருந்தது. தவறிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"சார், உள்ள இருந்து எண்ண முடியாது. கீழ எறங்கி நின்னு எண்ணுங்க" என்றார் கண்டக்டர்.

"எறங்குனா நீ எடுத்துட்டுப் போயிடுவியே?"

மாதம்மா தன் ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்துத் தாராளமாகக் கை அசைத்தார். அவரும் இந்த முறை அசைத்தார். ஒரு கை கம்பியில் இருந்ததால் பாதிதான் முடிந்தது.

அன்று மாலையே பணிமனையிலிருந்து செய்தி வந்தது: மறு உத்தரவு வரும் வரை டிரிப் தொடரும். ஊரில் சந்தோஷப்பட்டார்கள். நான் படவில்லை. மறு உத்தரவு என்பதை நானே ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். அது நாளைக் காலையிலும் வரலாம், வராமலே போகலாம். அந்த மனிதர் இன்னொரு திங்கள்கிழமை பையோடு வந்து நிற்கலாம். ஸ்டெல்லாவிடம் இதைச் சொன்னேன்.

"தெரியும் மாமா" என்றாள். விடுதிக்கு எடுத்துப்போக என்று கட்டிலடியில் கட்டி வைத்திருந்த பையை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் கிளம்பினேன், அதே பஸ்ஸில். எதிர்பார்த்தபடியே ஆண்கள் எல்லாரும் பைக்கில் முந்திக்கொண்டு போனார்கள், ஹாரனோடு. காரியம் முடிந்துவிட்டது அல்லவா. என் பெட்டியை நிறுத்தம் வரை கொண்டுவந்து ஏற்றிய சேவியர், "பத்திரமா போங்க மாமா" என்று சொல்லிவிட்டுத் தன் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் ஆண்கள் என்று மறுபடி நான், டிரைவர், கண்டக்டர். ஓசூரில் இறங்கும்போது ஸ்டெல்லா என் கையைப் பிடித்து, "வேன் யோசனை கவுன்சிலரோடது மாமா, உங்களோடது இல்ல" என்றாள். நேரம் குறித்துக் கொடுத்தது நான் என்பது அவளுக்கும் தெரியும்.

ஊர் வந்து சேர்ந்தேன். ரயிலில் தூங்கவில்லை. அடுத்த வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. எடுக்கும்போதே எனக்கு மறு உத்தரவின் ஞாபகம்தான்.

"மாமா, இவர் ரெண்டு நாளா பஸ்லதான் வர்றாரு. இன்னிக்கு இவரைப் பாத்து இன்னும் நாலு பேரு ஏறுனாங்க."

"என்ன சொல்கிறார்?"

"பைக் ரிப்பேராம். ஸ்டார்ட் ஆவலையாம்." பின்னால் ஆலைச் சங்கு ஊதும் சத்தம் கேட்டது. அது ஓயும் வரை காத்திருந்தாள். "நேத்து சாயங்காலம் அவர் பால் ஊத்தப் போனப்ப நான் போயி உதைச்சுப் பாத்தேன் மாமா. ஒரே உதையில ஸ்டார்ட் ஆயிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சத்தமில்லாம ஆஃப் பண்ணி, பெட்ரோல் டேப்பையும் மூடிட்டு வந்துட்டேன்."